வெங்காரமும் வினையூக்கியும்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தங்காக். துணிக்கடைகளால் பெயர்பெற்ற அவ்வூரின் எல்லையைக் கடந்தால், பால்மரங்களும் செம்பனைகளும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை அணிவகுத்து நிற்கக் காணலாம். அம்மரங்களுக்கு இடையே வாழ்ந்து, உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழர் பலர்.

செம்பனைக்குச் சில வேளைகளில் ஒரு குறை நேர்வதுண்டு. விரியும் இளம் ஓலையின் இதழ்நுனி நேராக நீளாது. கொக்கிபோல் வளைந்து நிற்கும். இதழ்கள் குறுகிச் சுருங்கும். நீரில்லாமையோ புழுவரிப்போ இதற்குக் காரணமன்று. மண்ணில் போரான் என்னும் தனிமம் குறைவாயிருப்பதே காரணம். கைப்பிடியளவு போரேட் உரத்தை மரத்தடியில் தூவினால் அடுத்து விரியும் ஓலைகள் நேர்படும். பயிர்களுக்குப் போரான் இன்றியமையாதது என்பதை 1923ஆம் ஆண்டில் காதரின் வாரிங்டன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி அவரைச் செடிகளைக் கொண்டு நிறுவினார். செடியின் உயிரணுச் சுவரிலுள்ள பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிப்பதே போரானின் தலையாய பணி என்பது பின்னாளில் தெளிவாயிற்று. கோப்பது குறைந்தால் சுவர் குலையும். சுவர் குலைந்தால் இலை கோணும்.

கோத்துப் பிடிப்பது, பிரிந்து நிற்பதை ஒன்றாக்குவது: போரானின் வரலாற்றைத் தொடக்கமுதல் படிப்பவர், இவ்வொரு குணத்தையே வெவ்வேறு களங்களில் திரும்பத் திரும்பக் காண்பர். பொற்கொல்லன் பட்டறையில் தொடங்கி நோபல் மேடைவரை சென்ற அவ்வரலாற்றையும், அதில் தமிழ்ப் பெயர்கள் சில இடம்பெற்ற வகையையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறையில் இருந்த போரான்

போரான் என்னும் பெயர் நமக்குப் புதிது, பொருள் பழையது. வெங்காரம் என்று தமிழர் வழங்கிய வெள்ளை உப்பு, போரானும் சோடியமும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த சேர்மமே ஆகும். திபெத்திய ஏரிக்கரைகளில் கிடைத்த இவ்வுப்பை ஆட்டு மந்தைகளின் முதுகிலேற்றி இமயத்தைக் கடத்திக் கொண்டுவந்தனர். வடமொழியில் இதற்கு டங்கணம் என்று பெயர். சித்த மருத்துவர்கள் இதனைச் சுத்தி செய்து மருந்துக்குப் பயன்படுத்தினர். பொற்கொல்லர்க்கோ இது நாள்தோறும் கைக்கொள்ளும் பொருளாயிற்று.

இரு பொன் துண்டுகளை ஒட்டும்போது, சூடேறிய உலோகத்தின் மேற்பரப்பில் ஆக்சைடு என்னும் மாசு படரும். அம்மாசு இருக்கும்வரை உருகிய பற்றாசு பொன்னோடு ஒட்டாது. வெங்காரம் உருகிப் பரவி அம்மாசைக் கரைத்து விலக்குகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, ஒட்டு நிலைக்கிறது. பொருளை மறைத்துப் பேசுவதைப் 'பொடி வைத்துப் பேசுதல்' என்று நாம் சொல்லும் வழக்கு, பொடி வைத்து ஊதும் இத்தொழிலிலிருந்து பிறந்தது என்று கூறுவர். தொழிலின் நுட்பம் தந்தை மகனுக்குக் காட்டித் தருவதாகவே இருந்தது. எவ்வளவு பொடி, எத்துணைச் சூடு என்பன ஏட்டில் எழுதப்படாமல் கையிலும் கண்ணிலும் வாழ்ந்தன.

1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவியும், பிரான்சில் கே-லுசாக், தெனார் இருவரும் போரானை அதன் சேர்மத்திலிருந்து பிரித்தெடுத்தனர். 1860ஆம் ஆண்டையொட்டி எட்வர்டு பிராங்கலந்து என்னும் ஆங்கிலேய வேதியியலார், போரானைக் கார்பனோடு பிணைத்து முதன்முதலாகக் கரிமப் போரான் சேர்மங்களை ஆக்கினார். காற்றுப்பட்டதும் பச்சைச் சுடருடன் எரிந்த அச்சேர்மம் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது. ஆயினும் அதனால் விளையும் பயன் யாதென்று எவரும் அறிந்திலர். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அத்துறை உறங்கிக் கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த போரேன் என்னும் வளிமங்களை 1912 முதல் ஆராய்ந்தவர் செருமானியரான ஆல்பிரட் ஸ்டாக். காற்றுப் பட்டால் தீப்பற்றும் இவ்வளிமங்களைக் கையாள்வதற்கு வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களையும் பாதரச அடைப்பான்களையும் அவர் அமைத்தார். அப்பாதரசத்தின் ஆவியே அவருடைய உடலை நஞ்சாக்கியது. தமக்கு நேர்ந்த துன்பத்தின் காரணத்தை உணர்ந்த அவர், 1926இல் அதனை வெளிப்படையாக எழுதி மற்றவர்களை எச்சரித்தார். தாம் கற்றதைப் போலவே தாம் பட்டதையும் உலகிற்கு உரைத்த பெருந்தகை அவர்.

மலிவான ஒரு நூல்

ஸ்டாக் எழுதிய நூலொன்று 1936ஆம் ஆண்டில் சிகாகோ நகரிலிருந்த ஏழை மாணவர் ஒருவரின் கைக்கு வந்தது. அம்மாணவரே ஹெர்பர்ட் சார்ல்ஸ் பிரௌன். 1912இல் இலண்டனில் பிறந்தவர். உக்ரேனிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தினர். இரண்டு வயதில் பெற்றோருடன் சிகாகோ சென்றார். 1926இல் தந்தை இறக்கவே, பள்ளியை விட்டு நீங்கிக் குடும்பத்தின் இரும்புப் பொருட்கடையில் அமர்ந்தார். கடையிலும் அவர் கை புத்தகத்தை விட்டபாடில்லை. பின்னர்ப் படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்றபோது, அவரோடு படித்த சாரா பெய்லன் என்னும் நங்கை ஒரு நூலைப் பரிசளித்தார். போரான், சிலிக்கன் ஆகியவற்றின் ஹைட்ரைடுகளைப் பற்றி ஸ்டாக் எழுதிய நூல் அது. பொருளாதார மந்தக் காலமாதலின், கடையிலிருந்த வேதியியல் நூல்களுள் விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தாராம் சாரா. விலை 2 டாலர் 6 காசு. அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

ஹெச், சி, பி என்னும் தம் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் ஹைட்ரஜன், கார்பன், போரான் ஆகிய மூன்றின் குறியீடுகளாகவும் அமைந்தமை பிரௌன் தாமே நகைத்துக் கூறிய ஒற்றுமை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சிலெசிங்கரிடம் ஆய்வு செய்து 1938இல் முனைவர் பட்டம் பெற்றார் பிரௌன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எளிதில் ஆவியாகும் யுரேனியச் சேர்மங்களைத் தேடும் பணி அக்குழுவினர்க்கு வாய்த்தது. அத்தேடலின் பக்கவிளைவாக 1942இல் சோடியம் போரோஹைட்ரைடு கைவந்தது. அதைப் பிற பொருள்களிலிருந்து பிரிப்பதற்கு ஏற்ற கரைப்பானைத் தேடி அசிட்டோனில் இட்டனர். அசிட்டோன் கரைப்பானாக நில்லாமல் ஆல்ககாலாக மாறிவிட்டது! தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. கரிமச் சேர்மங்களுக்கு ஹைட்ரஜனை ஊட்டும் எளிய கருவியொன்று வேதியியல் உலகிற்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

0.4 பங்கு வேறுபாடு

பிரௌன் 1947இல் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவரிடம் ஆய்வு செய்ய இந்தியாவிலிருந்து சென்றவர் பி. சி. சுப்பாராவ். எஸ்டர் என்னும் வகைச் சேர்மங்களைச் சோடியம் போரோஹைட்ரைடும் அலுமினியம் குளோரைடும் சேர்ந்த கலவை எங்ஙனம் மாற்றுகிறது என்பதை அவர் அளந்து வந்தார். ஒவ்வோர் எஸ்டரும் 2 பங்கு ஹைட்ரைடை ஏற்றது. எத்தில் ஓலியேட்டு என்னும் எஸ்டர் மட்டும் ஏறத்தாழ 2.4 பங்கை ஏற்றது.

பல அளவுகளுள் ஒன்று மட்டும் சற்றே பிசகியது. பொருளில் மாசு கலந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவ்வோர் அளவை ஒதுக்கிவிடுதல் எளிது. ஒதுக்கியிருந்தாலும் யாரும் குறை கூறியிரார். ஆனால் அவர்கள் அதனை ஒதுக்கவில்லை. பொருளைத் தூய்மை செய்து, மீண்டும் அளந்தனர். வேறுபாடு மறையவில்லை. மாசன்று, மெய்யே என்பது உறுதியாயிற்று.

ஓலியேட்டில் உள்ளதும் மற்றவற்றில் இல்லாததும் யாது? இரு கார்பன் அணுக்களுக்கு இடையே அமைந்த இரட்டைப் பிணைப்பு. அப்பிணைப்பின் ஒரு கார்பனோடு போரானும் மற்றொரு கார்பனோடு ஹைட்ரஜனும் சேர்ந்துகொள்கின்றன என்பதே விடை. நூறாண்டுகளாகக் கைக்கு எட்டாமலிருந்த கரிமப் போரான் சேர்மங்கள், அறைச் சூட்டிலேயே, சில மணித்துளிகளில் உருவாயின. பிரௌன், சுப்பாராவ் ஆகிய இருவர் பெயராலும் 1956இல் வெளிவந்த இவ்வினைக்கு ஹைட்ரோபோரேற்றம் என்று பெயர். 1979இல் பிரௌனுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது இத்துறையே. செருமானியரான கியோர்க் விட்டிக்கும் அவரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எத்தில் ஓலியேட்டு எங்கோ அயலகத்துப் பொருளென்று தங்காக் மாணவன் எண்ண வேண்டுவதில்லை. ஓலியிக் அமிலத்திலிருந்து ஆக்கப்படுவது அது. செம்பனையின் சதையிலிருந்து பிழியும் எண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு ஓலியிக் அமிலமே அமைந்துள்ளது. பால்மரத்துப் பாலிலுள்ள இரப்பரும் இரட்டைப் பிணைப்புகள் நிரம்பிய நெடுஞ்சங்கிலியே. ஆய்வுக்கூடத்தில் விந்தை புரிந்த அதே பிணைப்பு, அவன் வீட்டுக்கு எதிரே நிற்கும் மரத்திலும் குலையிலும் உண்டு.

சப்போரோவில் ஓர் இரவு

பிரௌன் 1962இல் ஹைட்ரோபோரேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவில், சப்போரோ நகரத்துப் புத்தகக் கடையில் அந்நூலைக் கண்ட இளம் ஆசிரியர் அகிரா சுசுக்கி, அதனை வாங்கிச் சென்று இரவெல்லாம் உறங்காது படித்தார். 1930இல் அத்தீவின் முக்காவா என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். 1963இல் பர்டியூ சென்று பிரௌனிடம் ஆய்வு செய்து, 1965இல் நாடு திரும்பினார். ஒரு நூல் பிரௌனைப் போரானிடம் சேர்த்தது. பிரௌன் எழுதிய நூல் சுசுக்கியைப் பிரௌனிடம் சேர்த்தது.

கார்பனையும் கார்பனையும் வேண்டிய இடத்தில் பிணைப்பதே கரிம வேதியியலின் பெருஞ்சிக்கல். மருந்தாயினும் சாயமாயினும் அதன் எலும்புக்கூடு கார்பன் சங்கிலியே. போரானோடு பிணைந்த கார்பன், காற்றையும் நீரையும் தாங்கி அமைதியாக இருக்கவல்லது. அந்த அமைதியே அதன் குறையுமாயிற்று. அது எளிதில் வினைப்படாது என்று பலரும் கைவிட்டனர். சுசுக்கியும் அவருடைய உடனாய்வாளர் நொரியோ மியாவுராவும் பல்லேடியம் என்னும் உலோகத்தைச் சிற்றளவு சேர்த்து, அதனோடு காரத்தையும் இட்டனர். காரம் போரானைத் தூண்டியது. பல்லேடியம் இரு கார்பன்களையும் தன்மேல் ஏற்று, ஒன்றோடொன்று இணைத்துவிட்டுத் தான் மாறாமல் வெளிவந்து அடுத்த இணைப்பைத் தொடங்கியது. தான் அழியாது வினையை விரைவுபடுத்தும் இத்தகைய பொருளே வினையூக்கி எனப்படும். 1979இல் இம்முறை வெளியாயிற்று.

பட்டறையில் வெங்காரம் பொன்னை ஒட்டத் துணைசெய்தது. இங்கே பொன்னைப்போல் விலையுயர்ந்த உலோகம், போரானின் துணையோடு கார்பனை ஒட்டுகிறது. துணையும் தலைமையும் இடம் மாறின, தொழில் ஒன்றே.

இரத்த அழுத்தத்திற்கான லோசார்ட்டான் என்னும் மருந்தும், பயிர்களின் பூஞ்சை நோய்க்கான போஸ்காலிட் என்னும் மருந்தும் இம்முறையால் பேரளவில் ஆக்கப்படுகின்றன. 2010ஆம் ஆண்டின் நோபல் பரிசு சுசுக்கிக்கும், பிரௌனின் மற்றொரு மாணாக்கரான எய்-இச்சி நெகிஷிக்கும், அமெரிக்கரான ரிச்சர்டு ஹெக்குக்கும் கிடைத்தது. 2004இல் மறைந்த பிரௌன் அந்நாளைக் காண இருந்திலர். இவ்வளவு பெரும்பயன் விளைக்கும் முறைக்குச் சுசுக்கி காப்புரிமை பெறவில்லை. எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று திறந்துவிட்டார். உலகெங்கும் இம்முறை விரைந்து பரவியதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

சேர்மத்தை ஆக்கவும் உலோகம்

கரிமப் போரான் சேர்மங்களுக்கு இத்துணைத் தேவை எழுந்தபின், அவற்றை எளிதாக ஆக்கும் வழி யாது என்னும் வினா முன்னின்றது. இரட்டைப் பிணைப்பு இருந்தால் பிரௌனின் வழி உதவும். பென்சீன் வளையம் போன்றவற்றிலோ, கடுங்குளிரில், நீரும் காற்றும் அணுகாமல், வீரியமிக்க உலோகச் சேர்மங்களைக் கையாள வேண்டியிருந்தது. வினையூக்கி உலோகங்கள் இங்கும் கைகொடுத்தன.

1985இல் செருமனியில் மென்னிக்கு, நோத்து இருவரும் ரோடியத்தை வினையூக்கியாக இட்டு ஹைட்ரோபோரேற்றம் செய்தனர். ஒரே மூலக்கூறில் ஆக்சிஜன் சேர்ந்த கீட்டோன் பகுதியும் கார்பன் இரட்டைப் பிணைப்பும் இருந்தால், வினையூக்கி இல்லாதபோது போரான் முதலில் கீட்டோனையே நாடும். ரோடியம் இருந்தாலோ அதனை விடுத்து இரட்டைப் பிணைப்பை நாடியது. வினையை விரைவுபடுத்துவது மட்டுமன்றி, வினை நிகழும் இடத்தையே தேர்ந்து கொடுக்கவும் வினையூக்கியால் இயலும் என்பது இதனால் விளங்கிற்று.

1995இல் மியாவுராவும் அவருடைய குழுவினரும், இரு போரான்கள் இணைந்த சேர்மத்தைப் பல்லேடியத்தின் உதவியால் பிளந்து, ஒரு போரானைப் பென்சீன் வளையத்தில் பொருத்தினர். அங்கும் வளையத்தில் புரோமினோ அயோடினோ முன்னரே இருத்தல் வேண்டும். அத்தேவையும் நீங்கியது 1999 முதல் 2002 வரையிலான ஆண்டுகளில். அமெரிக்காவில் மில்ட்டன் சுமித்து, ஜான் ஹார்ட்விக் ஆகியோரின் குழுக்களும், சப்பானில் மியாவுராவின் குழுவும் இரிடியத்தைக் கொண்டு, கார்பனோடு ஒட்டியிருந்த ஹைட்ரஜனையே விலக்கி அவ்விடத்தில் போரானை அமர்த்தினர். வினைப்படாது என்று கருதப்பட்ட பிணைப்பே வாயிலாக அமைந்தது.

இரிடியமும் ரோடியமும் பல்லேடியமும் அரியவை, விலை மிக்கவை. ஆதலின் இரும்பு, கோபால்ட்டு, செம்பு, நிக்கல் போன்ற எளிய உலோகங்களால் அப்பணியைச் செய்விக்கும் முயற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது.

தமிழ்ப் பெயர்கள்

இம்முயற்சிகளின் வரலாற்றில் நம் காதுக்குப் பழகிய பெயர்களும் ஒலிக்கின்றன. பர்டியூவில் பிரௌனுடன் ஆய்வு செய்த மாரியப்பன் பெரியசாமி, பின்னர் ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். கோபால்ட்டுக் குளோரைடைச் சோடியம் போரோஹைட்ரைடுடன் சேர்த்தால் இரட்டைப் பிணைப்பில் என்ன நிகழும் என்பதை அவருடைய குழு 1980களிலேயே ஆராய்ந்தது. விலைமிக்க உலோகங்களை விடுத்து எளிய உலோகங்களை நாடும் இன்றைய போக்கை நோக்க, அவ்வாய்வின் அருமை புலனாகும். சோடியம் போரோஹைட்ரைடோடு அயோடினைச் சேர்த்து, நச்சு வளிமமாகிய டைபோரேனைத் தனியே சேமித்து வைக்காமல் குடுவைக்குள்ளேயே உண்டாக்கிப் பயன்கொள்ளும் முறையையும் அவர் குழு விரிவாக வளர்த்தது. பெருஞ்செலவுக் கருவிகள் இல்லாத ஆய்வுக்கூடங்களுக்கு அது வரமாக அமைந்தது.

சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பி. டி. பெருமாளும் பிரௌனோடு இணைந்து கட்டுரைகள் வெளியிட்டவர். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றற்கொன்று ஆடிநிழலாக அமையும் மூலக்கூறுகளில் ஒன்றை மட்டும் ஆக்கும் நுட்பத்தில், பக்தன் சிங்காரமும் வீரராகவன் இராமச்சந்திரனும் பிரௌனுடன் உழைத்தனர். பின்னர்க் கலிபோர்னியாவில் சிங்காரமும் பர்டியூவிலேயே இராமச்சந்திரனும் போரான் ஆய்வைத் தொடர்ந்து நடத்தினர்.

ஆயினும் இப்பெயர்களை அறிந்த தமிழ் மாணவர் எத்தனை பேர்? பிரௌன் பெயர் பாடநூலில் உண்டு. சுசுக்கி பெயர் வினையோடு ஒட்டிக்கொண்டது. 2.4 என்னும் எண்ணைத் தம் கையால் அளந்த சுப்பாராவின் பெயரோ ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் துறைவல்லார் நினைவிலும் மட்டுமே தங்கிற்று. மேலைநாட்டார் மறைத்தனர் என்று பழி கூறுதல் பொருந்தாது. பிரௌன் தம் நோபல் உரையிலேயே சுப்பாராவின் அளவையை எடுத்துரைத்தார். அதைக் கேட்டு நம் மொழியில் எழுதிவைக்க வேண்டியவர் நாம். எழுதாதது நம் குறையே.

பொற்கொல்லரின் நுட்பம் எழுதப்படாமல் கைமாறியது. கை மாறாத இடத்தில் அது மறைந்தது. ஸ்டாக் எழுதினார், அதனால் பிரௌன் வந்தார். பிரௌன் எழுதினார், அதனால் சுசுக்கி வந்தார். சுசுக்கி திறந்து வைத்தார். அதனால் உலகமே வந்தது. எழுதிவைத்த அறிவே அடுத்தவரை அழைக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தமிழில் அறிவியலை எழுதுவோர்க்கும் வகுப்பறையில் சொல்வோர்க்கும் இதில் பணி காத்திருக்கின்றது.

லேடாங் மலையின் அடிவாரத்தில் செம்பனையின் கோணல் ஓலையைக் காணும் மாணவன், அது ஏன் கோணியது என்று வினவலாம். ஆசிரியர் போரானைப் பற்றிச் சொல்வாராயின், வெங்காரம் வரும். வெங்காரத்தைப் பற்றிச் சொன்னால், சுப்பாராவின் அளவை வரும். அளவையில் சிறு பிசகு கண்டால் அதனை மறைக்காமல் மீண்டும் அளக்க வேண்டும் என்னும் பாடமும் அதனோடு வரும். கோணலை ஒதுக்கிவிட்டு நேர் ஓலைகளை மட்டும் எண்ணுபவன் தோட்டத்தையும் காக்கமாட்டான், அறிவியலையும் வளர்க்கமாட்டான்.